கிளட்ச் பேரிங்கும் பெல் ஹவுசிங்கும் கழற்றுவது எப்படி?



நம் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சாலை ஓரத்தில் ஒரு மோட்டார் பட்டறை இருக்கும். கொல்கத்தாவில் இருக்கும். மும்பையில் இருக்கும். மலை ஊரிலும் இருக்கும். அங்கே பலர் வேலை செய்கிறார்கள். கையால் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் அவர்கள். இப்போது அவர்களில் பலர் எழுதப் படிக்கவும் கற்றிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்காகவும் இந்தப் பாடம்.

காரில் கிளட்ச் என்று ஒரு பாகம் உண்டு. அதற்குள் ஒரு சிறிய பேரிங் இருக்கிறது. அதன் பெயர் ரிலீஸ் பேரிங். பட்டறையில் அதைக் கிளட்ச் பேரிங் என்றும் சொல்வார்கள். பேரிங் சிறியது. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அதை மாற்ற வேண்டும் என்றால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். அந்த வேலையில் கனமும் உண்டு. ஆபத்தும் உண்டு. ஆகவே முறை தெரிந்து செய்ய வேண்டும்.

கிளட்ச் எதற்கு?

என்ஜின் ஓடும்போது அதன் பின்னால் ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. அதற்கு ஃபிளைவீல் என்று பெயர். என்ஜினின் சக்தி அங்கிருந்து கியர் பாக்ஸுக்குப் போக வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போக வேண்டும்.

ஆனால் எப்போதும் சக்தி போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கியர் மாற்ற முடியாது. வண்டியை நிறுத்தினால் என்ஜினும் நின்றுவிடும். ஆகவே நடுவில் ஓர் இணைப்பு வேண்டும். வேண்டும்போது சேர வேண்டும். வேண்டாதபோது பிரிய வேண்டும். அந்த இணைப்புத்தான் கிளட்ச்.

கிளட்ச்சில் மூன்று பாகங்கள் முக்கியம்.

1. கிளட்ச் பிளேட். இது வட்டமான தட்டு. இதன் இரண்டு பக்கமும் உராயும் பட்டை ஒட்டியிருக்கும்.
2. பிரஷர் பிளேட். இது கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இதன் நடுவில் விரல்கள் போன்ற எஃகுத் தகடுகள் வட்டமாக நிற்கும்.
3. ரிலீஸ் பேரிங். இது அந்த விரல்களை அழுத்தும்.

நீங்கள் காலால் கிளட்ச் பெடலை மிதிக்கிறீர்கள். கம்பியோ, எண்ணெய்க் குழாயோ அந்த அழுத்தத்தைக் கொண்டு போகிறது. கவட்டை போன்ற ஓர் இரும்பு நகர்கிறது. அதற்கு ஃபோர்க் என்று பெயர். ஃபோர்க் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் விரல்களை அழுத்துகிறது. பிரஷர் பிளேட் பிடியை விடுகிறது. என்ஜினும் கியர் பாக்ஸும் பிரிகின்றன. காலை எடுத்தால் மறுபடியும் சேர்கின்றன.

இங்கே பேரிங் எதற்கு? பிரஷர் பிளேட் என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும். ஃபோர்க் சுற்றுவதில்லை. சுற்றாத இரும்பு, சுற்றும் இரும்பை நேராக அழுத்தினால் இரண்டும் தேய்ந்து போகும். நடுவில் பேரிங் இருப்பதால் உரசல் இல்லை. பேரிங்கின் ஒரு வளையம் சுற்றும். மற்ற வளையம் நிற்கும். நடுவில் குண்டுகள் உருளும்.

பெல் ஹவுசிங் என்றால் என்ன?

கிளட்ச் முழுவதையும் மூடி ஓர் உறை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் அகலம். மறு பக்கம் குறுகல். பார்க்க மணி போல இருக்கும். ஆகவே அதற்குப் பெல் ஹவுசிங் என்று பெயர். அகன்ற வாய் என்ஜினோடு சேரும். குறுகிய பக்கம் கியர் பாக்ஸோடு சேரும். பெரும்பாலும் அலுமினியத்தால் செய்வார்கள். சில வண்டிகளில் வார்ப்பிரும்பு.

இதுதான் கிளட்ச்சைச் சேறு, தண்ணீரிலிருந்து காக்கிறது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைக்கிறது. இது ஒரு பக்கம் சாய்ந்தாலோ விரிசல் விட்டாலோ கிளட்ச் சீக்கிரம் கெடும்.

எல்லாக் காரும் ஒன்றல்ல

அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் தயாரானது. 2014-இல் அதன் தயாரிப்பு நின்றது. மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் ஓடின. 2023 அக்டோபரில் அவை சாலையை விட்டு விலகின. இந்தக் கார்களிலும் ஜீப்பிலும் என்ஜின் முன்னால் நீளவாட்டில் இருக்கும். சக்தி பின் சக்கரங்களுக்குப் போகும். நடுவில் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கும்.

1983-இல் மாருதி 800 வந்தது. அதில் என்ஜின் குறுக்குவாட்டில் இருந்தது. சக்தி முன் சக்கரங்களுக்குப் போனது. இப்போது ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் பெல் ஹவுசிங் கியர் பாக்ஸ் உறையின் ஒரு பகுதியாகவே இருக்கும். பேரிங் மாற்றுவதற்காக அதைப் பிரிக்கத் தேவை இல்லை.

பின் சக்கர வண்டிகளிலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் பெல் ஹவுசிங்கும் கியர் பாக்ஸும் ஒரே வார்ப்பு. சிலவற்றில் இரண்டும் தனித்தனி. போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். இந்தப் பாடத்தில் தனித்தனியாக உள்ள வகையைப் பார்ப்போம். கியர் பாக்ஸோடு பெல் ஹவுசிங்கையும் சேர்த்து இறக்கி, பிறகு மேசை மேல் பிரிக்கும் முறை இது.

காதால் கேட்டுக் கண்டுபிடியுங்கள்

சத்தம் வந்ததும் கியர் பாக்ஸை இறக்கிவிடக் கூடாது. எங்கே கோளாறு என்று முதலில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கூலியும் வீண். நாளும் வீண்.

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். என்ஜினை ஓட விடுங்கள். இப்போது கேளுங்கள்.

பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது. காலை எடுத்தால் சத்தம் நிற்கிறது. அப்படியானால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம்.

காலை எடுத்திருக்கும்போது சத்தம் வருகிறது. பெடலை மிதித்தால் நிற்கிறது. அப்படியானால் கியர் பாக்ஸின் உள்ளே, முன் ஷாஃப்ட்டின் பேரிங் மேல் சந்தேகம்.

காரணம் எளிது. பெடலை மிதித்தால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் நின்றுவிடும். அப்போது ரிலீஸ் பேரிங் சுழலும். பெடலை விட்டால் முன் ஷாஃப்ட் சுழலும். எது சுழலும்போது சத்தம் வருகிறதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் உயிர், பிறகு வேலை

கார் அடியில் படுத்து வேலை செய்பவர் தன் உயிரை ஜாக்கியிடம் ஒப்படைக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான். தாங்குவதற்கு அல்ல. ஜாக்கி சறுக்கலாம். அதில் எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கலாம். கார் ஒரு டன் கனம் இருக்கும். நெஞ்சின் மேல் இறங்கினால் கத்தக்கூட முடியாது. இப்படி இறந்தவர்கள் உண்டு.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்.

சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். மண் தரையில் ஸ்டாண்டு புதையும்.

தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

ஜாக்கியால் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் அடுக்கக் கூடாது. செங்கல் திடீரென்று நொறுங்கும்.

ஸ்டாண்டு கொடுத்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினாலும் அசையாமல் நிற்கிறதா? பிறகுதான் அடியில் போக வேண்டும்.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டாரின் வயரைத் தொடப் போகிறோம். அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

வண்டி ஓடி வந்த உடனே வேலை தொடங்காதீர்கள். புகைக் குழாய் சுடும். ஆறட்டும்.

தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது பெரியவராக இருக்க வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

கியர் பாக்ஸை இறக்குதல்

1. கியர் பாக்ஸின் அடியில் உள்ள திருகைக் கழற்றி எண்ணெயை வடியுங்கள். ஒரு தட்டில் பிடியுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

2. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் அதன் முனையிலும், அது சேரும் தட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது இரண்டு கோடும் சேர வேண்டும். மாறிப் பூட்டினால் வண்டி ஓடும்போது அதிரக்கூடும்.

3. கியர் லீவர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு வயர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டாரையும் கழற்றுங்கள். புகைக் குழாய் குறுக்கே வந்தால் அதையும் விலக்குங்கள்.

4. கிளட்ச் கேபிளைக் கழற்றுங்கள். கேபிளுக்குப் பதில் எண்ணெய் சிலிண்டர் இருந்தால், குழாயைப் பிரிக்காமல் சிலிண்டரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். அப்போது யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் சிலிண்டரின் உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே பாய்ந்து வந்துவிடும். ஸ்டியரிங்கில் ஒரு தாள் ஒட்டுங்கள். "பெடலை மிதிக்காதீர்" என்று பெரிதாக எழுதுங்கள்.

5. கியர் பாக்ஸ் போனால் என்ஜினின் பின்பக்கம் தாழும். ஆகவே என்ஜின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி கொடுங்கள். பிறகு கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுங்கள்.

6. பெல் ஹவுசிங்கை என்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மேலே உள்ள போல்ட்டுகள் கைக்கு எட்டாமல் இருக்கும். சாக்கெட்டில் நீளமான கம்பி போட்டுத் திருகுங்கள். அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கடைசி வரை விட்டு வையுங்கள்.

7. கியர் பாக்ஸை நேராகப் பின்னால் இழுங்கள். மேலும் கீழும் ஆட்டாதீர்கள். அதன் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுத் துளைக்குள் இருக்கிறது. முழு கனமும் அதில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். ஷாஃப்ட் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் கீழே இறக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் ஓர் அரிசிச் சிப்பத்தை விடக் கனமாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் கையில் வழுக்கும். ஆகவே மார்பின் மேல் வைத்து இறக்கும் பழக்கம் வேண்டாம். ஜாக்கியின் மேல் வைத்துக் கயிறால் கட்டி மெல்ல இறக்குங்கள்.

தூசி என்னும் எதிரி

கியர் பாக்ஸை இறக்கியதும் பெல் ஹவுசிங்கின் உள்ளே கறுப்புத் தூசி நிறைந்திருக்கும். அது கிளட்ச் பட்டை தேய்ந்து வந்த தூசி. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. மூச்சில் போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து மூச்சு முட்டும். புற்றுநோயும் வரலாம். இன்று வாங்கிய தூசி 20, 30 ஆண்டுகள் கழித்துத் தாக்கும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே காற்றுக் குழாயால் தூசியை ஊதாதீர்கள். வாயாலும் ஊதாதீர்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். தூசியின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள். துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாப்பிடுமுன் கை, முகம் கழுவுங்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா?

பேரிங்கைக் கழற்றுதல்

கியர் பாக்ஸை மேசை மேல் வையுங்கள். பெல் ஹவுசிங்கின் வாய் வழியாக உள்ளே பாருங்கள். நடுவில் முன் ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி ஒரு குழல் இருக்கும். அந்தக் குழலின் மேல்தான் பேரிங் முன்னும் பின்னும் நகரும். பக்கவாட்டில் இருந்து ஃபோர்க் வந்து பேரிங்கைக் கவ்வியிருக்கும்.

எதையும் தொடுமுன் ஒரு தாளில் படம் வரையுங்கள். பேரிங்கின் எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறது? கிளிப் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது? ஸ்பிரிங் எந்தப் பக்கம்? எழுதி வையுங்கள். மாலையில் பூட்டும்போது மறந்துவிடும். தாள் மறக்காது.

பேரிங்கை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் கிளிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்புங்கள். கிளிப் தெறித்துக் கண்ணில் படலாம். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நெம்புங்கள். கிளிப் விட்டதும் பேரிங்கைக் குழலின் மேல் முன்னோக்கி இழுங்கள். கையோடு வந்துவிடும்.

அடுத்தது ஃபோர்க். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, ஒரு குண்டு முனையின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் ஒரு ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். ஃபோர்க்கைக் குண்டிலிருந்து விலக்கி இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாவது வகை, ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டியிருக்கும். முதலில் ஃபோர்க்கைக் கம்பியோடு சேர்க்கும் போல்ட்டையோ பின்னையோ எடுக்க வேண்டும். பிறகு கம்பியைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். பின் எடுக்காமல் சுத்தியலால் அடித்தால் பெல் ஹவுசிங் உடையும்.

சில வண்டிகளில் பேரிங் ஒரு தாங்கியின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். பழைய பேரிங்கை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது. வைஸில் வைத்து மெல்ல நெருக்குங்கள். எந்த வளையம் தாங்கியில் உட்காருகிறதோ அந்த வளையத்தின் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். மற்ற வளையத்தை அழுத்தினால் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகும். புதிய பேரிங் அன்றே கெடும்.

பெல் ஹவுசிங்கைக் கழற்றுதல்

பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றால் பெல் ஹவுசிங்கைத் தொட வேண்டாம். விரிசல் இருந்தாலோ, முன் எண்ணெய் சீல் ஒழுகினாலோ, கியர் பாக்ஸின் உள்ளே வேலை இருந்தாலோதான் கழற்ற வேண்டும்.

முதலில் வெளியே உள்ள சேறு, எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தம் செய்யுங்கள். மண் ஒரு துகள் உள்ளே போனாலும் பல்சக்கரங்கள் தேயும்.

பிறகு போல்ட்டுகளைத் தேடுங்கள். பல வண்டிகளில் அவை பெல் ஹவுசிங்கின் உள்பக்கம் இருக்கும். அதனால்தான் பேரிங்கையும் ஃபோர்க்கையும் முதலில் எடுத்தோம். சில வண்டிகளில் வெளியே இருந்தும் போல்ட் வரும். எல்லாவற்றையும் எண்ணுங்கள். எண்ணை எழுதுங்கள்.

ஓர் அட்டையை எடுங்கள். அதில் பெல் ஹவுசிங்கின் படத்தை வரையுங்கள். போல்ட் இருக்கும் இடங்களில் துளை போடுங்கள். கழற்றிய போல்ட்டை அதே துளையில் குத்தி வையுங்கள். ஏன் தெரியுமா? போல்ட்டுகளின் நீளம் மாறும். நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அடி முட்டி அலுமினியம் பிளக்கும்.

போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாதீர்கள். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

சில கியர் பாக்ஸ்களில் பெல் ஹவுசிங்கை எடுத்தால் உள்ளே உள்ள ஷாஃப்ட்டுகள் முன்னால் வழுகி வரும். ஆகவே கியர் பாக்ஸை, முன் ஷாஃப்ட் மேலே பார்க்கும்படி நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். சாயாமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

முன் ஷாஃப்ட்டின் பல்வரிகள் மேல் மெல்லிய டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் அந்தப் பல்வரிகள் எண்ணெய் சீலின் உதட்டைக் கிழித்துவிடும்.

இப்போது மரச் சுத்தியலால் பெல் ஹவுசிங்கைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். இறுகியிருந்தால் பல இடங்களில் தட்டுங்கள். உளியை நடுவில் வைத்து நெம்பாதீர்கள். அலுமினியத்தின் முகம் கீறிவிடும். கீறிய இடத்தில் எண்ணெய் கசியும். தட்டியும் அசையவில்லையா? நிறுத்துங்கள். ஒரு போல்ட் எங்கோ மிச்சம் இருக்கிறது. எழுதிய எண்ணைப் பாருங்கள்.

அசைந்ததும் நேராக மேலே தூக்குங்கள். அதன் அடியில் மெல்லிய வளையத் தகடுகள் ஒட்டியிருக்கலாம். அவற்றுக்கு ஷிம் என்று பெயர். காகிதம் போல இருக்கும். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். ஷாஃப்ட்டின் இடைவெளியைச் சரியாக வைப்பவை அவைதான். எத்தனை இருந்தன என்று எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள்.

அண்ணனும் தம்பியும்

ஒரு பட்டறையில் மெக்கானிக்கும் உதவியாளரும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, பழைய பேரிங்கைப் பெட்ரோல்ல கழுவிட்டு மறுபடியும் போட்டா என்ன? ஓனருக்குக் காசு மிச்சமாகுமே."

"கழுவக் கூடாது தம்பி. இது மூடின பேரிங். உள்ளே கிரீஸ் அடைச்சுத்தான் கம்பெனியிலிருந்து வருது. கழுவினா கிரீஸ் கரைஞ்சு போயிடும். மறுபடியும் அடைக்க வழி இல்லை."

"அப்ப கையால சுத்திப் பார்த்து நல்லா இருந்தா?"

"கியர் பாக்ஸை இறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"காலையில ஆரம்பிச்சோம். மத்தியானம் ஆயிடுச்சு அண்ணே."

"பேரிங் விலை குறைவு. இறக்கி ஏத்துற கூலிதான் அதிகம். பழைய பேரிங் ரெண்டு மாசத்துல போச்சுன்னா ஓனர் கூலியை ரெண்டு தரம் கொடுக்கணும். நம்ம பேரும் கெடும். இறக்கினப்பவே மாத்திடணும்."

பார்க்க வேண்டியவை

பேரிங் ஓடும் குழலை விரலால் தடவுங்கள். பள்ளமோ வரியோ இருந்தால் பேரிங் சிக்கும். குழலை மாற்ற வேண்டும்.

ஃபோர்க்கின் இரண்டு முனைகளும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் பேரிங் சாய்ந்து அழுத்தும்.

பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? நுனியில் ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறதா?

கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கிறதா? இருந்தால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். என்ஜினின் பின் சீலாக இருக்கலாம். கியர் பாக்ஸின் முன் சீலாக இருக்கலாம். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் பயன் இல்லை.

பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் உண்டா? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

எண்ணைப் படியுங்கள்

பேரிங் வாங்கப் போகும்போது பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப் போங்கள். அதன் மேல் எண் பொறித்திருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய பேரிங்கின் எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

ஓர் எண் மாறினால் என்ன ஆகும்? உதாரணத்துக்குச் சாதாரண பேரிங் இரண்டைப் பார்ப்போம். ஒன்று 6205. மற்றது 6206. 6205-இன் உள் துளை 25 மில்லிமீட்டர். 6206-இன் உள் துளை 30 மில்லிமீட்டர். கடைசி எண் ஒன்றுதான் மாறியது. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

டெல்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் போன்ற இடங்களில் வண்டிச் சாமான் கடைகள் நிறைய உண்டு. நல்ல சாமானும் கிடைக்கும். போலியும் கலந்து வரும். பெட்டியில் கம்பெனி பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சிட்ட விலையைப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். எழுத்துத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசைக்கு நேர் எதிராகப் பூட்ட வேண்டும். ஷிம்களை எண்ணி வையுங்கள். புதிய கேஸ்கெட் போடுங்கள். குழலின் மேலும் ஃபோர்க்கின் முனையிலும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் சுழலும்போது தெறித்துக் கிளட்ச் பிளேட்டில் விழும். பிளேட் வழுக்கும்.

கியர் பாக்ஸை ஏற்றும்போது பெல் ஹவுசிங் என்ஜினோடு கையாலேயே முழுவதும் சேர வேண்டும். சேராமல் இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். காது உடைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கியர் பாக்ஸில் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். இதை மறந்து வண்டியை அனுப்பினால் கியர் பாக்ஸே போய்விடும். கடைசியில் பெடலின் ஆட்டத்தைச் சரி செய்யுங்கள். கேபிள் வண்டிகளில் பெடலை அழுத்தத் தொடங்கும்போது சிறிது தூரம் லேசாகப் போக வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை

சிலர் ஓட்டும்போது எப்போதும் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்திருப்பார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே நிற்பார்கள். அவ்வளவு நேரமும் பேரிங் அழுத்தத்தில் சுழல்கிறது. சூடாகிறது. உள்ளே கிரீஸ் காய்கிறது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்தால் பேரிங்கின் ஆயுள் கூடும். ஓட்டுநரின் காலும் ஓய்வெடுக்கும்.

நினைவில் கொள்ளுங்கள்

ஜாக்கி தூக்கும், ஸ்டாண்டு தாங்கும்.
கிளட்ச் தூசியை ஊதாதே, ஈரத்தால் துடை.
கழற்றுமுன் வரை, எண்ணு, எழுது.
அசையாவிட்டால் அடிக்காதே, மிச்சப் போல்ட்டைத் தேடு.
புதிய பேரிங்கின் எண்ணை நீயே படி.

பதில் சொல்லுங்கள்

1. பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நிற்கிறது. எந்தப் பாகத்தின் மேல் சந்தேகம்?
2. கியர் பாக்ஸை இழுக்கும்போது ஏன் நேராக இழுக்க வேண்டும்?
3. பேரிங்கைப் பெட்ரோலில் கழுவினால் என்ன ஆகும்?
4. ஷிம் என்பது என்ன? அதை ஏன் எறியக் கூடாது?
5. உங்கள் ஊரில் உள்ள பட்டறைக்குப் போங்கள். அங்கே கார் அடியில் வேலை செய்பவர்கள் ஸ்டாண்டு வைக்கிறார்களா என்று பாருங்கள். பார்த்ததை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.